மாடி பாத்ரூம் அலமாரிக்கு மஞ்சள் பூசினோம்

ராசா ஜெபா,

நீ நன்றாக இருக்கிறாய் என்று நேற்று ஃபோனில் உன் வாயாலேயே கேட்டுவிட்டேன். அதனால் விசாரிப்பையெல்லாம் ஓரம் வைத்துவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். வருகிற மாதம் உனக்குக் கல்யாணம். நீ அந்தப் பனிமலையில் துப்பாக்கியோடு நிற்கிறாய். இங்கே ராஜபாளையத்தில், நம் வீட்டு மாடி பாத்ரூமில், ஒரு பெரிய காரியம் நடந்து முடிந்திருக்கிறது. ஃபோனில் சொல்லலாம் என்றால், உனக்கு சிக்னல் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் பாதியை உன் அப்பா அங்கே குளிர் எப்படி, இங்கே மழை எப்படி என்று பேசியே தீர்த்துவிடுகிறார். மீதியில் நான் “சாப்பிட்டியாய்யா” என்பதற்குள் லைன் போய்விடுகிறது. மேலத்தெரு செல்லத்துரை அண்ணன் மகன் லீவு முடிந்து உன் யூனிட்டுக்குத்தான் திரும்புகிறான். முறுக்கு டப்பாவோடு இந்தக் கடிதத்தையும் அவன் பையில் வைக்கப் போகிறேன். நீ லீவில் கிளம்புவதற்கு முன்பே இதைப் படித்துவிட வேண்டும். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

உனக்குத் தெரிந்த கதையில் உனக்குத் தெரியாத ஒரு துண்டு இருக்கிறது. நாம் ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிற கிறிஸ்தவர்கள். மாலதி வீட்டார் ஸ்ரீவில்லிபுத்தூரில் தோப்பும் வயலுமாக இருக்கிறவர்கள், புரட்டாசி சனிக்கிழமை என்றால் குடும்பத்தோடு ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற திருவண்ணாமலை மலைப் பெருமாளைப் பார்க்கப் போகிறவர்கள். நீயும் அவளும் பிடிவாதமாக நின்றீர்கள். நாங்கள் இறங்கி வந்தோம், அவள் அப்பாவும் இறங்கி வந்தார். பதிவுத் திருமணம், மறுநாள் மண்டபத்தில் விருந்து என்று முடிவானது. இதுவரை உனக்குத் தெரியும். ஆனால் அவள் அம்மா கோமதி அம்மாள் இறங்கி வரவில்லை. “புள்ள ஆசைப்படுது, நடத்துங்க. என்னைய மட்டும் மண்டபத்துக்குக் கூப்பிடாதீக” என்று சொல்லிவிட்டாராம். எல்லையில் நிற்கிறவனுக்கு எதற்கு இந்தக் கவலை என்று மாலதி இதை உன்னிடம் மறைத்துவிட்டாள். என்னிடம் மட்டும் சொல்லி அழுதாள். பெற்ற தாய் வராத கல்யாணத்தில் எந்தப் பெண்ணால் சிரித்துக்கொண்டு நிற்க முடியும்? எனக்கு அந்த நினைப்பிலேயே சோறு இறங்கவில்லை.

இந்த நிலைமையில்தான் அவர்கள் வீடு பார்க்க வந்தார்கள். மாலதிக்கு இங்கே ராஜபாளையத்தில் பள்ளிக்கூட வேலை. நீ திரும்பிப் போனாலும் அவள் நம்மோடு மாடியில் இருக்கப் போகிறவள். அதனால் மகள் இருக்கப் போகிற இடத்தை ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று அவள் அப்பா வற்புறுத்தி கோமதி அம்மாளைக் கூட்டி வந்தார். உயரமான பெண்மணி. அதிகம் பேசுவதில்லை. மாடி அறையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், பிறகு பாத்ரூமுக்குள் போனார். வாஷ்பேசினுக்குக் கீழே இருக்கிற அந்தக் கறுப்பு மர அலமாரி உனக்கு நினைவிருக்கும். அப்பா வேலை பார்த்த மில்லில் பழைய கெஸ்ட் ஹவுஸை இடித்தபோது அவர் எடுத்து வந்து மாட்டியது. வார்னிஷ் கொப்புளம் கொப்புளமாக உரிந்து, தண்ணீர்க் கறை படிந்து, பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது. கோமதி அம்மாள் அதன் கதவைத் திறந்தார். கீல் கழன்று கதவு அப்படியே அவர் கையோடு வந்துவிட்டது! எனக்கு உயிரே போய்விட்டது. அவரோ கதவைச் சுவரில் சாய்த்து வைத்தார், டிராயரின் ஓரத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார், வெளியே வந்தார். கிளம்பும்போது வாசலில் நின்று, “பாத்ரூம் இருட்டா இருக்கு” என்றார். அவ்வளவுதான் பேச்சு.

எனக்கு அன்றைக்கு வந்த கோபம்! “இருட்டா இருக்குன்னா என்ன அர்த்தம்? அவுக மகள இருட்டுக்குள்ள தள்ளுதோம்னா?” என்று உன் அப்பாவிடம் குதித்தேன். அவர் நிதானமாக, “பழசக் கழட்டி எறிஞ்சிட்டு பிளைவுட்ல புதுசா ஒன்னு மாட்டிருவோம், விடு” என்றார். எனக்கு அதுவும் பொறுக்கவில்லை. வாங்கி மாட்டினால் கடைக்காரன் சாமர்த்தியம். நானே செய்ய வேண்டும், அந்த அம்மாள் வந்து வாயைப் பிளக்க வேண்டும். அந்த நேரத்தில் எனக்கு இருந்தது அன்பு இல்லை ராசா, முழுக்க முழுக்க வீம்புதான். பிறகு ஃபோனில் தேடும்போது தெரிந்தது, அந்த மாதிரி அலமாரிக்கு வெளிநாட்டில் வேனிட்டி என்று பெயராம். வீண்பெருமைக்கும் இங்கிலீஷில் அதே வார்த்தைதானே? என்னைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் சாக் பெயிண்ட் என்று ஒன்றைப் பார்த்தேன். ஒரு பெண் வீடியோவில் பழைய மரச்சாமான் மேல் அதைப் பூசுகிறாள். வழவழப்பு இல்லாமல், பவுடர் போட்ட கன்னம் மாதிரி மெத்தென்று ஒரு நிறம் வருகிறது. வார்னிஷை அடியோடு சுரண்ட வேண்டாம், நாற்றம் இல்லை, சீக்கிரம் காய்கிறது. எனக்குக் கை பரபரத்தது. மறுநாளே பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற பெயிண்ட் கடைக்குப் போய், “சாக் பெயிண்ட் இருக்கா?” என்றேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சாக்பீஸ் வேணும்னா எதுத்த ஸ்டேஷனரி கடையில கேளுங்கக்கா.” நான் ஃபோனை நீட்டி வீடியோவைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு உள்ளே இருந்த மனைவியிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். அந்த அம்மாள் எட்டிப் பார்த்துச் சிரித்தார். ஆனால் பாதி வீடியோ ஓடுவதற்குள் அவருக்கே ஆசை வந்துவிட்டது. “இது என்னக்கா பெரிய வித்தை. ஓட்டை விரிசல அடைச்சு மக்கு வைக்கிறதுக்கு நம்ம பெயிண்டர்மாரு வாங்குற சாக் பவுடர்தான். அதத் தண்ணியில கரைச்சு எமல்ஷன்ல கலந்தா முடிஞ்சுது” என்று இரண்டையும் எடுத்து வைத்தார். இளநீலம் வாங்கினேன். நீலம் எனக்குப் பிடிக்கும், அதனால் நீலம். மாலதியிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவே இல்லை. இதைப் பிறகு சொல்கிறேன்.

ஆளுயர அலமாரி என்றால்கூடப் பரவாயில்லை. இது இடுப்புயரம்தான், ஆனால் அதற்குக் கீழே குனிந்து உட்கார்ந்து வேலை செய்தபோது எனக்கு இத்தனை எலும்பு இருப்பதே தெரிந்தது. கதவுகளையும் டிராயர்களையும் கழற்றினேன். சோடாத்தூள் கரைத்துச் சோப்புப் பிசுக்கைத் துடைத்தேன். உப்புத்தாளால் தேய்த்தேன். பெயிண்டைக் கலந்தால் கட்டி கட்டியாக நின்றது. என்ன செய்வது என்று யோசித்து, சத்திரப்பட்டியிலிருந்து வாங்கி வைத்திருந்த கட்டுத்துணியை இரண்டாக மடித்து, ரசம் வடிகட்டுகிற மாதிரி வடிகட்டினேன். வெண்ணெய் மாதிரி இறங்கியது பார்! உன் அப்பா படியில் நின்றுகொண்டு, “காயத்துக்குக் கட்டுற துணி, இப்ப பெயிண்டுக்குக் கட்டு போடுதா” என்று கிண்டல் செய்தார். முதல் பூச்சு முடிந்தபோது எனக்கு விசில் அடிக்க வேண்டும் போல இருந்தது. கறுப்பாகக் கிடந்தது ஒரே மத்தியானத்தில் வானம் மாதிரி ஆகிவிட்டது. போட்டோ எடுத்து மாலதிக்கு அனுப்பினேன். “அத்தை, நீங்களா!” என்று அவள் அனுப்பிய பதிலை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், நீலத்தின் மேல் அங்கங்கே டீ கொட்டிய மாதிரி பழுப்புக் கறை. துடைத்தால் போகவில்லை. இன்னொரு பூச்சு அடித்தேன். அதையும் மீறி மேலே வந்தது. வீடியோக்காரி முதலில் ஒரு ப்ரைமர் அடிக்கச் சொல்லியிருந்தாள். நான்தான் அவசரத்தில் அந்தப் பகுதியை ஓட்டிவிட்டிருந்தேன். மனது உடைந்துபோய் அந்தப் போட்டோவையும் மாலதிக்கு அனுப்பினேன். உன் அப்பா பாவம், கிண்டல்கூடச் செய்யவில்லை. “பிளைவுட்” என்று வாயெடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அன்று சாயங்காலம் ஃபோன் வந்தது. தெரியாத நம்பர்.

“நான் கோமதி பேசறேன். ஸ்ரீவில்லிபுத்தூர்.”

கல்யாணத்தை நிறுத்தச் சொல்லப் போகிறாரோ என்று நினைத்தேன். “சொல்லுங்கம்மா” என்றேன்.

“மாலதி போட்டோ காமிச்சா. அது பெயிண்ட்டுக் கறை இல்ல. தேக்கு எண்ணெயக் கக்குது. நீங்க மேல மேல பூசுனா அது மேல மேல கக்கும்.”

“அது தேக்கா?” என்று கேட்டேன்.

“அன்னைக்கே டிராயர் ஓரத்தத் தடவிப் பாத்தேனே. அசல் தேக்கு. எங்கப்பா மரக்கடை வச்சிருந்தாக. நான் வளந்ததே அந்த மரத்தூளுக்குள்ளதான்.” பிறகு சொன்னார்: “இந்தாங்க, எனக்கு இந்தக் கல்யாணத்துல இன்னும் மனசு ஒப்பல. அது வேற. அதுக்காக ஒரு நல்ல தேக்கு நாசமாப் போறதப் பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியாது. நாளைக்கு வாரேன். அதுவரைக்கும் அத யாரும் தொடாதீக.”

ஃபோனை வைத்துவிட்டார். நான் வைத்த இடத்திலேயே நின்றேன். பயமா, சந்தோஷமா, என்னவென்று சொல்லத் தெரியவில்லை. சம்பந்தி வீட்டுக்கு வருகிறார் என்றால் கேசரி கிண்டுவதா, பிரஷ்ஷைக் கழுவி வைப்பதா?

சொன்ன மாதிரியே காலை பஸ்ஸில் தனியாக வந்து இறங்கினார். கையில் ஒரு பாட்டில். எண்ணெய் கசியாமல் மரத்தை மூடுகிற அவலரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்துக் கொண்டுவந்திருந்தார். தேன் நிறத்தில் தகதகவென்று இருந்தது. வந்தவர் உட்காரக்கூட இல்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாத்ரூம் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். நான் பூசியதில் பாதியைச் சுரண்ட வைத்தார். சுரண்டச் சுரண்ட அவர் முகம் மாறியது. டிராயர் முகப்பில் வார்னிஷ் போனதும் உள்ளே மரம் பொன் நிறத்தில், வரி வரியாகத் தெரிந்தது. “பாத்தீகளா? பாத்தீகளா இத?” என்று என் கையைப் பிடித்து அதன் மேல் வைத்தார். அந்த அம்மாளா வாசலில் நின்று இருட்டு என்றவர்! “இதுல போயி பெயிண்ட் அடிக்க எப்பிடி மனசு வந்துச்சு?” என்று சண்டைக்கு வந்தார். நானும் விடவில்லை. “கதவப் பாருங்க, ஒட்டுப்போட்ட பலகை, ஆணி ஓட்டை. அத எப்பிடி பாலிஷ் போடுவீக?” என்றேன். குனிந்து பார்த்தார். கதவு இரண்டும் பின்னால் எவரோ வேறு மரத்தில் செய்து சேர்த்தது. “அது சரிதான்” என்று ஒப்புக்கொண்டார். டிராயர் முகப்பு தேக்காகவே இருக்கட்டும், மீதிக்கெல்லாம் அரக்குப் பூசி அதன் மேல் பெயிண்ட் என்று உடன்படிக்கை ஆனது.

அடுத்த சண்டை நிறத்துக்கு. நான் நீலம் என்றேன். அவர் கிளிப்பச்சை என்றார். பாத்ரூமில் கிளிப்பச்சையா என்றேன். பாத்ரூமில் வானம் எதுக்கு என்றார். கடைசியில் மாலதிக்கு ஃபோன் போட்டோம். பள்ளிக்கூட இடைவேளை. நாங்கள் இருவரும் ஒரே ஃபோனில் மாறி மாறிப் பேசுவதைக் கேட்டு அவள் முதலில் சிரித்துவிட்டாள். பிறகு சொன்னாள்: “அம்மா, அத்தை, ரெண்டு பேருகிட்டயும் ஒன்னு சொல்லட்டா? அது என் பாத்ரூம். எங்கிட்ட இதுவரைக்கும் யாருமே கேக்கல.”

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“சரி, நீ என்ன கலர் கேக்க?” என்றார் கோமதி அம்மாள்.

“சப்பட்டை மாங்கா பழுக்கிறதுக்கு முன்னாடி வெட்டுனா உள்ள ஒரு மஞ்சள் இருக்கும்ல, அந்த இளமஞ்சள்.”

ஜெபா, இங்கே கொஞ்சம் நிறுத்தி உனக்கு ஒன்று சொல்கிறேன். எங்களுக்குக் கல்யாணம் ஆனபோது உன் அப்பா எனக்கு ஆசையாக ஒரு தையல் மெஷின் வாங்கி வைத்திருந்தார். எனக்குத் தைக்கவே தெரியாது, ஆசையும் கிடையாது. கடன் வாங்கியாவது மேலே படிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அவர் முகத்தைப் பார்த்து நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அந்த மெஷின் மேல் வைத்த டிவியைத்தான் நீ சின்ன வயதில் பார்த்தாய். பல வருஷம் கழித்து ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னபோது அவர் திகைத்துப்போனார். “அப்பவே சொல்லிருக்கலாம்லட்டி” என்றார். அன்பாக இருக்கிறோம் என்பதாலேயே அவளுக்கு என்ன வேண்டும் என்று நமக்குத் தெரிந்துவிடாது. எதைச் செய்வதற்கு முன்னாலும் அவளிடம் கேள். கேட்பதால் உன் அன்பு குறைந்துபோகாது. அவள் சொல்கிற பதில் உனக்குப் பிடிக்காமல் போகலாம், அதற்கும் தயாராகக் கேள்.

மஞ்சள் பெயிண்டை வாங்கி வந்து கலந்து வைத்துவிட்டு, அரக்கு காய்வதற்காக நாங்கள் மாடி அறை வாசற்படியில் உட்கார்ந்திருந்தோம். மேற்கே மலை மேல் மேகம் இறங்கியிருந்தது. அவர் கையில் ஒட்டியிருந்த அரக்கை நகத்தால் சுரண்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

“எம் மக பேர மாத்துவீகளா?”

இதுதான் அவர் மனதில் இத்தனை மாதமும் கிடந்திருக்கிறது. கோவிலில் என்னிடமே இரண்டொருவர், “மருமகளுக்கு என்ன பேரு வைக்கப் போறீக?” என்று கேட்டிருக்கிறார்கள். நான் மழுப்பிவிட்டு வந்திருக்கிறேன். இப்போது மழுப்ப முடியாது. சொன்னேன்: “மாலதி மாலதின்னு சொல்லித்தான் எம் மகன் வருசக்கணக்கா எங்ககிட்ட சண்ட போட்டான். இப்பப் போயி வேற பேர வச்சா அவனுக்கே அடையாளம் தெரியாது. அவ மாலதியாத்தான் இருப்பா.”

அவர் சிரித்தார். முதல் தடவையாக. சிரித்து முடித்ததும் இன்னொன்று கேட்டார். “வெள்ளிக்கெழம வெளக்கேத்துவா. சின்னப் புள்ளையில இருந்து பழக்கம். அதுக்கு மாடி ரூம்ல ஒரு எடம் கெடைக்குமா?”

ராசா, இந்த வீட்டில் ராத்திரி ஜெபம் உன் அப்பாதான் நடத்துகிறார். கோவில் கமிட்டியில் இருக்கிறவர். நாலு பேர் வந்து போகிற வீடு. நான் மட்டும் சரி என்று சொல்லிவிட்டு, நாளைக்கு அவர் மாட்டேன் என்றால்? “அவியகிட்டக் கேக்காம நான் சொன்னா அது பொய்யாப் போயிரும். கேட்டுச் சொல்றேன்” என்றேன். அவர் முகம் மறுபடியும் இறுகிவிட்டது. தலையை ஆட்டிவிட்டு எழுந்து போய் மஞ்சள் பூச்சை ஆரம்பித்தார். பஸ்ஸுக்குப் போகும்போது, “வார்னிஷ் அடிக்கிற அன்னைக்கு வாரேன்” என்றார். வருவாரா என்று எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

உன் அப்பா சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னேன். சுற்றி வளைக்காமல், கோமதி அம்மாள் கேட்டதை அவர் வார்த்தையிலேயே சொன்னேன். அப்பா சாப்பிடுவதை நிறுத்தவில்லை. சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவினார், துண்டில் துடைத்தார், மாடிப்படி ஏறினார். நான் கீழேயே நின்றேன். கோபமா, யோசனையா என்று அவர் நடையை வைத்துக் கண்டுபிடிக்க இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மேலிருந்து குரல் வந்தது.

“ஏட்டி, இங்க வா.”

போனேன். மாடி அறையில் கிழக்குச் சுவருக்கு எதிரே, கையில் டேப்பும் பென்சிலுமாக நின்றுகொண்டிருந்தார்.

“மாலதி ஒசரம் எம்புட்டு இருக்கும்?”

எனக்குப் புரியவில்லை. “எங் காது மட்டுக்கு வருவா” என்றேன்.

“அப்ப சுவரோரமா வந்து நில்லு. கைய நீட்டு. வெளக்கு ஏத்தும்போது அந்தப் புள்ள எக்கி எக்கி நிக்கக் கூடாதுல்ல.”

என் கை எட்டிய இடத்துக்குக் கொஞ்சம் கீழே கோடு போட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்க்காத மாதிரி டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: “நான் ஜெபம் பண்ணும்போது இந்த வீட்டுல யாரும் குறுக்க பேசுனதில்ல. அவ கும்பிடும்போதும் யாரும் பேசக் கூடாது. அம்புட்டுதான்.” பிறகு டிரில்லிங் மெஷினைத் தேடிக்கொண்டு கீழே போய்விட்டார்.

இதற்காகத்தான் நீ கிளம்புமுன் இதைப் படிக்க வேண்டும் என்றேன். நீ வந்து அவர் மாட்டிய விளக்குப் பலகையைப் பார்க்கும்போது, “அப்பா, நீங்களா!” என்று ஆச்சரியப்படாதே. அவருக்குக் கூச்சமாகிவிடும். இயல்பாகப் பார், அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார். கோவிலில் அவரைச் சிலர் கேள்வி கேட்பார்கள், இப்போதே ஒருவர் கேட்டுவிட்டார். அவர் பதில் சொல்லிக்கொள்வார். ஆனால் அப்போது நீ அவர் தோளுக்கு அருகில் நிற்க வேண்டும். பெற்றவர்களைச் சம்மதிக்க வைத்ததோடு பிள்ளைகள் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். சம்மதித்த பிறகு அந்தப் பெற்றவர்கள் ஊருக்கு நடுவில் தனியாக நிற்பது அவர்கள் கண்ணில் படுவதில்லை. உன் கண்ணில் பட வேண்டும்.

கோமதி அம்மாள் வந்தார். நேரே மாடிக்குக் கூட்டிப் போனேன். மாடி அறைக்குள் நுழைந்தவர் கிழக்குச் சுவரைப் பார்த்து நின்றுவிட்டார். பலகைக்குக் கீழே ஒரு சின்ன டிராயரும் வைத்திருந்தார் உன் அப்பா, திரியும் தீப்பெட்டியும் வைத்துக்கொள்ள. கோமதி அம்மாள் அதை இழுத்துப் பார்த்தார், மூடினார், திரும்பவும் இழுத்துப் பார்த்தார். “மாமரமா?” என்று கேட்டார். “ஆமா” என்றார் அப்பா கதவோரத்திலிருந்து. “நல்லா எழைச்சிருக்கீக” என்றார். உடனே சேலையைச் செருகிக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்விட்டார்.

பிறகு வேலை ஓடியது பார்! சாக் பெயிண்ட் தண்ணீரைக் குடித்துவிடும். வீடியோக்காரி மேலே மெழுகு தேய்க்கிறாள், ஆனால் அவள் பாத்ரூம் நம் பாத்ரூம் மாதிரி இல்லை. நாம் வாளியில் மொண்டு ஊற்றுகிற ஜாதி. மெழுகு ஒரு வாரம் தாங்காது. அதனால் தண்ணீரில் கரைகிற, நிறமில்லாத வார்னிஷ் வாங்கி வைத்திருந்தேன். மெல்லிசாகப் பூசி, காயவிட்டு, உப்புத்தாளால் லேசாகத் தடவி, மறுபடி பூசி, மூன்று நாளாக அவர் வருவதும் போவதுமாக இருந்தார். நடுவில் அவர் மரக்கடைக் கதை, நான் மழைக்கு நனைந்த பைபிளை அடுப்படியில் காயவைத்துக் கருக்கிய கதை, மாலதி நாலு வயதில் புடலங்காயைப் பாம்பு என்று ஓடிய கதை. அவள் அப்படி ஓடியது உனக்குத் தெரியும் என்று நீ காட்டிக்கொள்ளாதே.

எல்லாம் காய்ந்து கதவுகளை மாட்டியபோது, உன் அப்பா ஒரு மக்கில் தண்ணீர் எடுத்து வந்தார். “சோதிக்காம ஒப்படைக்க முடியாது. நான் மில்லுல அப்பிடித்தான்” என்றார். நாங்கள் இருவரும் “ஐயோ, வேண்டாம்” என்று ஒரே குரலில் கத்துவதற்குள் சளார் என்று வீசிவிட்டார். மூன்று பேரும் மூச்சுவிடாமல் பார்த்தோம். தண்ணீர் அந்த இளமஞ்சள் மேல் முத்து முத்தாக உருண்டு, டிராயரின் தேக்கு மேல் வழிந்து, தரைக்கு ஓடிவிட்டது. துணியால் துடைத்தால் ஒரு கறை இல்லை, ஒரு வெள்ளைப் பூத்தல் இல்லை! கோமதி அம்மாள் கைதட்டினார். நான் குதித்தேன், இந்த முழங்காலோடு. ஜன்னல் வெளிச்சம் அந்த மஞ்சளில் பட்டு, பாத்ரூம் முழுக்கப் பரவியிருந்தது. “இப்ப இருட்டா இருக்கா?” என்று கேட்டேவிட்டேன். “அன்னைக்கு பல்பு எரியல, அதச் சொன்னேன்” என்றார் அவர். எங்கள் சிரிப்பு தெருவரைக்கும் கேட்டிருக்கும்.

அவரை வழியனுப்ப நான் பஸ் ஸ்டாப் வரை போனேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் தூரத்தில் தெரிந்தது. அவர் பர்ஸைத் திறந்து சில்லறை தேடிக்கொண்டே, என்னவோ காய்கறி விலை கேட்கிற மாதிரி கேட்டார்.

“மதினி, கல்யாணத்துக்கு நீங்க என்ன கலர் சேலை?”

நம் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவளும் பிள்ளையைப் பெற்றவளும் மதினி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம், உனக்குத் தெரியும். அதுவரை அவர் என்னை எந்த முறையும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “இன்னும் எடுக்கல மதினி” என்றேன். பொய். எடுத்து வைத்துவிட்டேன்.

“அப்ப சேந்தே எடுப்போம். மண்டபத்துல ரெண்டு பேரும் ஒரே கலர்ல நின்னா நல்லாவா இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப்போனார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கீழே ஆட்டோ வந்து நிற்கிற சத்தம் கேட்கிறது. “மதினி, கெளம்பலாமா? கடையில கூட்டம் வந்துரும்” என்று அவர் குரல். உன் அப்பா அவரிடம் உட்காரச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் இன்னும் தலைகூட வாரவில்லை. மற்றதெல்லாம் நீ வந்து நேரில் பார்த்துக்கொள். பத்திரமாக வா, சீக்கிரம் வா.

உன் அம்மா